மரமேறும் சாலமாண்டர்

பல்லியின் வடிவும் தவளையின் உறவும் உடைய சிற்றுயிர் சாலமாண்டர் ஆகும். மத்திய அமெரிக்க மலைக்காடுகளில் வாழும் சாலமாண்டர்களுக்கு நுரையீரலே இல்லை. பின்னர் அவை உயிர்ப்பது எங்ஙனம் எனின், தோலும் வாயின் உட்புறமுமே உயிர்வளியை உடலுக்கு ஊட்டுகின்றன. அத்தோல் என்றும் ஈரமாய் இருத்தல் வேண்டும். உலர்ந்தால் உயிர் நில்லாது. முகில் தவழும் அம்மலைகளில் பாசி போர்த்த மரங்கள் எப்பொழுதும் நனைந்திருக்கும். ஆதலின் அவற்றுட் சில தரையை விட்டு மரமேறி வாழ்கின்றன. சவ்வு இணைத்த விரல்கள் வழுக்கும் இலையையும் பற்றுவன. நாவோ, கண்ணிமைக்குமுன் நீண்டு பூச்சியைக் கவர்ந்து மீளும்.

மரம் வீழ்ந்தால் நிழலும் ஈரமும் நீங்கும்; இவ்வுயிரும் நீங்கும். குவாத்தமாலா நாட்டின் கூச்சுமாத்தானேசு மலையில் 1975ஆம் ஆண்டில் பொன்னிறச் சாலமாண்டர் ஒன்று கண்டறியப்பட்டது. ஜாக்சன் என்பார் பெயரால் அது வழங்குகின்றது. அதன்பின் 42 ஆண்டுகள் அஃது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்றோ என அறிஞர் அஞ்சினர். அம்மலையில் எஞ்சிய காட்டின் ஒரு பகுதி 2015இல் காப்புக்காடு ஆயிற்று. 2017இல் அக்காட்டின் காவலர் ஒருவர் அச்சாலமாண்டரின் இளங்குட்டி ஒன்றைக் கண்டார். அறிஞர் பன்முறை தேடியும் அகப்படாதது காவலர்க்கு அகப்பட்டது வியப்பன்று. நாள்தோறும் அம்மரங்களிடையே நடப்பவர் அவர் அன்றோ?