புக்காரா எங்கே நிற்கிறது? காட்சிக்கு வைக்கப்பட்ட போர்விமானங்களும் வரைபடத்தின் மௌனமும்

1

பழைய போர்விமானங்களைத் தேடித் திரிகிறவர்கள் உலகெங்கும் உண்டு. ஓய்வுபெற்ற விமானம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எந்தப் படைத்தள வாசலில் பீடமேறி நிற்கிறது, எந்தக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று வரிசை எண் வரைக்கும் குறித்துவைப்பார்கள். அக்கம்பக்கத்துப் போர் நினைவுச்சின்னங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். எல்லாம் புள்ளிகளாக வரைபடத்தில் ஏறும். அவர்களுடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'அது இப்போ எங்கே நிக்குது?'

சும்மா ஒரு பொழுதுபோக்குதானே என்று நாம் இதை விட்டுவிடலாம். ஆனால் பெனடிக்ட் ஆண்டர்சன் தன் 'கற்பிதம் செய்யப்பட்ட சமூகங்கள்' நூலின் 1991ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் ஓர் அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்தார். குடிமதிப்பு, வரைபடம், அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் காலனிய அரசு தன் ஆளுகையைக் கற்பனை செய்துகொண்ட விதத்தை வடிவமைத்தன என்பது அதன் வாதம். யாரை ஆள்கிறோம், எவ்வளவு நிலத்தை ஆள்கிறோம், எந்தப் பழம்பெருமையின் பேரில் ஆள்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கிருந்து விடை கிடைத்தது. போர்விமான வரைபடத்தில் இந்த மூன்றும் ஒரே தாளில் கூடுகின்றன. வரிசை எண் என்பது எந்திரங்களின் குடிமதிப்பு. இங்கே எண்ணப்படுவது எந்திரம். எண்ணப்படாமல் போவது அதன் கீழே நின்ற மனிதர்.

விமானம் கடைசியாக வந்து நின்ற இடத்தை இந்த வரைபடம் காட்டுகிறது. அது போய்வந்த இடங்களைக் காட்டுவதில்லை. இந்த மௌனம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு விமானத்தை வைத்துப் பார்க்கலாம். ஈழத்தமிழர் காதுக்கு நன்றாகப் பழகிய பெயர்தான்: புக்காரா.

2

'புக்காரா' தென்னமெரிக்கப் பழங்குடியினரின் கெச்சுவா மொழிச் சொல். கோட்டை என்று பொருள். அழிக்கப்பட்டவர்களின் மொழியிலிருந்து பெயரை எடுத்துக் குண்டுவீச்சு விமானத்துக்குச் சூட்டியிருக்கிறது அர்ஜென்டின அரசு. கோர்தோபா நகரிலுள்ள படைத்துறை விமானத் தொழிற்சாலையில் உருவாகி 1969 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு சுழல்விசிறி எந்திரங்கள், இரண்டு 20 மி.மீ. பீரங்கிகள், நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். கரடுமுரடான சிறு ஓடுதளத்திலிருந்தும் எழும்பும். நிதானமாக, தாழப் பறக்கும். எதிரிநாட்டு விமானத்தோடு மோதுவதற்காக இதைச் செய்யவில்லை. 'கிளர்ச்சி ஒடுக்கல்' என்று படைத்துறைச் சொல்லாடல் எதைச் சொல்கிறதோ அதற்காகச் செய்தார்கள். அதாவது, சொந்த நாட்டுக் காட்டையும் மலையையும் மேலிருந்து சுடுவதற்கு.

1982இல் இந்த விமானம் வேறொரு போருக்குப் போனது. பிரிட்டன் ஃபாக்லாந்து என்றும் அர்ஜென்டினா மால்வினாஸ் என்றும் அழைக்கிற தீவுகளுக்கு 24 புக்காராக்கள் அனுப்பப்பட்டன. மே 14ஆம் தேதி இரவு பெபிள் தீவில் பிரிட்டிஷ் அதிரடிப் படை புகுந்து 11 விமானங்களை நாசம் செய்தது. அவற்றில் 6 புக்காராக்கள். ஜூன் 14இல் அர்ஜென்டினா சரணடைந்தபோது எஞ்சிய புக்காராக்களும் பிரிட்டன் கைக்குப் போயின. அப்படிப் பிடிபட்டவற்றில் ஒன்று இன்று காஸ்ஃபோர்டில் பிரிட்டிஷ் வான்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இன்னொன்று டக்ஸ்ஃபோர்டில், பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில்.

இங்கிலாந்தில் இது வென்றெடுத்த பொருள். அர்ஜென்டினாவில் புக்காரா என்றால் மால்வினாஸில் இறந்தவர்களின் நினைவு, தேசத்தின் சொந்தத் தயாரிப்பு. ஒரே எந்திரம், எதிரெதிரான இரண்டு வாசிப்புகள். பிரதியை வாசிப்புதான் உண்டாக்குகிறது என்று நாம் இங்கே திருப்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வாசிப்புகளுமே படைவீரனின் வாசிப்புகள். மூன்றாவதாக ஒரு புக்காரா இருக்கிறது. அதன் முன்னால் போய் நின்றால் இந்தத் திருப்தி கலைந்துவிடும்.

3

கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் இலங்கை வான்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு புக்காரா காட்சிக்கு நிற்கிறது. 1990களின் முற்பகுதியில் இலங்கை 4 புக்காராக்களை வாங்கியது. சொந்த நாட்டுக்குள்ளேயே சுடச் செய்த விமானம் என்பதால் வாங்கியவருக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. பத்தாண்டுக்குள் சேவையிலிருந்து விலகியும்விட்டது.

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் குழந்தைகள்கூட எந்திரச் சத்தத்தை வைத்து விமானத்தின் வகையைச் சொல்வார்கள். 'பொம்மர் வருகுது, பங்கருக்கை இறங்கு' என்பது அன்றாடப் பேச்சாக இருந்தது. விமான ஆர்வலர் பட்டியல் போட்டுச் சேகரிக்கும் அறிவும் இந்தக் குழந்தைகளின் அறிவும் ஒரே பொருளைப் பற்றியவைதான். ஒன்று ரசனையிலிருந்து வந்தது, மற்றது உயிர்ப் பயத்திலிருந்து வந்தது.

1995 ஜூலை 9. வலிகாமத்தில் இராணுவம் முன்னேறத் தொடங்கிய நாள். வீடுகளைவிட்டு ஓடிவந்த சனங்கள் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் தஞ்சம் புகுந்திருந்தார்கள். கோயில் என்றால் அடிக்கமாட்டான் என்ற நம்பிக்கை. அன்று மாலை குண்டுகள் விழுந்தன. செத்தவர்கள் நூற்றுக்கும் மேல். வந்தது புக்காரா என்பது அந்த ஊரின் சாட்சியம். 5 நாள் கழித்து, ஜூலை 14இல், ஒரு புக்காராவைப் புலிகள் சுட்டு வீழ்த்தினார்கள்.

இரத்மலானையில் நிற்கிற விமானம் அன்று நவாலிக்கு வந்ததுதானா? பொத்தாம்பொதுவாகப் பழிபோடுவதில் அர்த்தமில்லை. ஆனால் கேள்வி விடையற்றதும் அல்ல. எந்த விமானம், எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் ஓட்டி, எவ்வளவு நேரம் பறந்தது என்று ஒவ்வொரு வான்படையும் பதிவேடு எழுதுகிறது. காட்சிக்கு வைக்கப்படுவது உலோகம். வைக்கப்படாதது அந்தப் பதிவேடு. அருங்காட்சியகத்தின் அதிகாரம் இந்த இடைவெளியில்தான் தங்கியிருக்கிறது. பறப்பைக் கழித்துவிட்டு விமானத்தை மட்டும் காட்டுவது. 'தொட்டுப் பாருங்க, படம் எடுத்துக்குங்க, ஆனா இது எங்கே போச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.'

நவாலித் தேவாலயத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 9இல் ஊர் கூடுகிறது. இரத்மலானை ஒரு புள்ளி, நவாலி ஒரு புள்ளி. இரண்டையும் இணைக்கிற கோட்டை எந்த அரசும் வரைந்து தரப்போவதில்லை.

4

அப்படியொரு கோட்டை வரைய முடியுமா? முடியும் என்று புக்காராவைப் படைத்த அர்ஜென்டினாவே காட்டியிருக்கிறது.

பெபிள் தீவில் நாசமான அந்த 11 விமானங்களில் ஒன்று ஸ்கைவேன். கடலோரக் காவல்படைக்குச் சொந்தமான சரக்கு விமானம், பிரிட்டிஷ் தயாரிப்பு. அதே படையின் வேறொரு ஸ்கைவேனின் எண் பிஏ-51. 1977 டிசம்பரில், காணாமல் போன தம் பிள்ளைகளைத் தேடிய 'மே சதுக்க அன்னையர்' இயக்கத்தின் நிறுவனர்களில் மூவர், இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் உட்பட 12 பேர் கடத்தப்பட்டு, எஸ்மா என்ற கடற்படைப் பள்ளியில் சித்திரவதை செய்யப்பட்டார்கள். 14ஆம் தேதி இரவு அவர்களை இந்த ஸ்கைவேனில் ஏற்றிக் கடலில் உயிரோடு தள்ளினார்கள். சில உடல்களைக் கடல் கரையில் ஒதுக்கியது. பெயரில்லாமல் புதைத்தார்கள். 2005இல் அர்ஜென்டினத் தடயவியல் மானுடவியல் குழு அவர்களில் சிலரை அடையாளம் கண்டு பெயரைத் திருப்பிக் கொடுத்தது.

விமானம் எங்கே போனது? எஸ்மாவிலிருந்து உயிர்தப்பிய பத்திரிகையாளர் மிரியம் லெவினும் இத்தாலியப் புகைப்படக்காரர் ஜான்கார்லோ செராவுதோவும் வரிசை எண்ணைப் பின்தொடர்ந்து போனார்கள். 2010இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிஏ-51 அகப்பட்டது. கைமாறி, பார்சல் சுமந்து பிழைத்துக்கொண்டிருந்தது. பறப்புப் பதிவேடும் அழியாமல் இருந்தது. 1977 டிசம்பர் 14 இரவு, மூன்று மணி நேரத்துக்கும் மேல் பறந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது என்று விமானிகள் பெயரோடு எழுதியிருந்தது. 2017 நவம்பரில் அவர்களில் இருவருக்கு ஆயுள் தண்டனை. 2023இல் அந்த விமானத்தையே திரும்பக் கொண்டுவந்து, இன்று நினைவு வளாகமாக இருக்கும் எஸ்மாவில் நிறுத்தினார்கள்.

அதுவும் காட்சிக்கு வைக்கப்பட்ட ஒரு விமானம்தான். ஆனால் அங்கே சொல்லப்படுவது எந்திரத்தின் வேகம் அல்ல, ஓர் இரவின் கதை. நாம் கிண்டல் செய்கிற அந்த வரிசை எண்தான் கடைசியில் சாட்சி சொன்னது என்பதையும் மறக்கக் கூடாது.

5

கல்லறைகளுக்கும் இதுவே கதி. ஃபாக்லாந்தின் டார்வின் இடுகாட்டில், வென்றவர் மண்ணில், தோற்றவர்களான அர்ஜென்டினப் படையினரின் கல்லறைகள் அழியாமல் இருக்கின்றன. பெயர் தெரியாதிருந்த 121 கல்லறைகளை 2017இல் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு தோண்டி, அதே தடயவியல் குழுவினரின் துணையோடு நூற்றுக்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டது. ஈழத்தில் புலிகளின் மாவீரர் துயிலுமில்லங்களை இயந்திரம் வைத்து இடித்தார்கள். கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே படைமுகாம் எழும்பியது.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துயிலுமில்லம் இருந்த வரைபடத்திலும் மௌனங்கள் இருந்தன. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் சுடப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களுக்கு அதில் இடமில்லை. பள்ளிவாசல் சுவரில் துப்பாக்கித் துளைகள் இன்னமும் இருக்கின்றன. நவாலியைக் குறித்துக் காத்தான்குடியை விடுகிற வரைபடம் இன்னொரு படைத்துறை வரைபடமாகவே முடியும்.

ஆகவே எதிர்-வரைபடம் என்றால் அருங்காட்சியகத்தைக் கொளுத்துவது என்று பொருளில்லை. விமானம் நிற்கட்டும். வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வோம். விழுந்த இடம், தேதி, நேரம், செத்தவர் பெயர், பார்த்தவர் வாக்கு எல்லாவற்றையும் ஊர் ஊராக எழுதிவைப்போம். சாட்சிகள் வயோதிகமாகிக் கொண்டிருக்கிறார்கள். ஸ்கைவேன் அகப்பட 33 வருஷம், தீர்ப்புக்கு 40 வருஷம் பிடித்தது. நவாலிக்கு 2025இல்தான் 30 ஆகியிருக்கிறது. 'எங்கே நிக்குது?' என்ற கேள்விக்கு விடை ஏற்கனவே இருக்கிறது: இரத்மலானையில். 'எங்கே போச்சு, யார் ஓட்டினது?' என்பதுதான் மிச்சம்.