உயிரியல் வகுப்பில் என்ன காத்திருக்கிறது?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாளிலிருந்து மேல்நிலைப் பள்ளிகளின் அலுவலக வாசலில் ஒலிக்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "பயாலஜி குரூப் கிடைக்குமா?" கேட்பவர் பெற்றோர். அருகே நிற்கும் பிள்ளை வாய் திறப்பதில்லை. அந்தப் பாடம் இரண்டு ஆண்டுகளில் என்ன கேட்கும், என்ன தரும் என்பதை வரிசையில் நிற்பவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. மேல்நிலை வகுப்புகளில் விலங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் உயிரியலுக்கு இரண்டு வழிகள் உள்ளன. இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றோடு உயிரியலை ஒரு பாடமாகப் படிப்பது ஒன்று. கணிதத்தை விட்டுவிட்டுத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பது மற்றொன்று. முதல் வழியிலும் உயிரியல் என்பது பெயரளவில்தான் ஒரு பாடம். உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என இரண்டு புத்தகங்கள். பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்கள். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணும் 35, 35 எனப் பங்கு பிரிகிறது. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இரண்டில் ஒன்றைப் புறக்கணித்தால் மற்றொன்று காப்பாற்றாது. தாவரவியலைச் சுமையாகக் கருதும் மாணவர்கள் இதைக் காலாண்டுத் தேர்வில்தான் உணர்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் தொண்ணூற்றைந்து எடுத்த பிள்ளை, பதினொன்றாம் வகுப்பின் முதல் இடைத்தேர்வில் நாற்பதைத் தாண்டத் திணறுவது ஆண்டுதோறும் நான் காணும் காட்சி. பிள்ளை திடீரென்று மக்காகிவிடவில்லை. பாடத்தின் ஆழம் மாறிவிட்டது. சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். அது இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு, அதன் அலகு நெஃப்ரான் என்பது பத்தாம் வகுப்போடு வந்த அறிவு. மேல்நிலையில் அதே சிறுநீரகம் எண்களோடு வருகிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லி லிட்டர் திரவத்தை வடிக்கின்றன. கணக்கிட்டால் நாளொன்றுக்கு 180 லிட்டர். ஆனால், நாம் வெளியேற்றும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவே. மீதி எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியை எழுப்பிக்கொள்ளும் மாணவருக்கு அடுத்த பத்துப் பக்கங்கள் கதைபோல ஓடும். நெஃப்ரானின் எந்தப் பகுதி நீரை மீட்கிறது, எது உப்பை மீட்கிறது, மூளையின் அடியில் சுரக்கும் ஹார்மோன் அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பவை எல்லாம் அந்த ஒரு கேள்விக்கான விடைகள். குளுக்கோஸை மீட்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதும், இரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமை ஒட்டித் தாண்டும்போது அது சிறுநீரில் வழியத் தொடங்குகிறது என்பதும், வழியும் சர்க்கரை நீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது என்பதும் புரிந்தால், வீட்டில் தாத்தா இரவில் நான்கு முறை எழுந்து போவதன் காரணம் புரிந்துவிடும். கேள்வியை எழுப்பாதவருக்கோ அதே பத்துப் பக்கங்கள் வாயில் நுழையாத சொற்களின் அடுக்கு.

உயிரியல் மனப்பாடப் பாடம் என்ற பேச்சு பாதி உண்மை. அதை மறைப்பதில் பயனில்லை. விலங்குலகத்தின் தொகுதிகள், தாவரக் குடும்பங்களின் பண்புகள், லத்தீன் பெயர்கள் ஆகியவற்றைக் குறுக்குவழியில் கடக்க முடியாது. நம் வயல் மண்புழுவுக்கு லாம்பிட்டோ மாரிட்டி என்று பெயர் என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க இயலாது. நினைவில் வைக்கத்தான் வேண்டும். நாளுக்குப் பத்துச் சொற்கள், வாரத்துக்கு இரண்டு படங்கள் என்று ஜூனிலேயே தொடங்கியவர்களுக்கு அது சுமையாவதில்லை. படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதயத்தின் குறுக்குவெட்டை நான்கு முறை கையால் வரைந்தவர் பாகங்களின் பெயரை மறப்பதில்லை. கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டவர் மறந்துவிடுகிறார்.

மறு பாதி, கணக்கு. கணிதத்துக்கு அஞ்சி உயிரியலுக்கு வருபவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் மரபியலைச் சந்திக்கும்போது அதிர்ச்சி அடைகிறார்கள். மெண்டல் தம் பட்டாணிச் செடிகளின் இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளையும் 1,850 சுருங்கிய விதைகளையும் எண்ணினார். வகுத்தால் 2.96 வருகிறது. அதை அவர் மூன்றுக்கு ஒன்று என்று படித்தார். உயிரின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இணைக் காரணிகள் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்த வகுத்தல் கணக்குதான் அவரைக் கொண்டுசென்றது. நிகழ்தகவின் எளிய விதிகள் தெரியாமல் இந்த அலகைக் கடப்பது கடினம். அதேபோல வேதியியலைப் புறக்கணித்தால் உயிரி மூலக்கூறுகள், ஒளிச்சேர்க்கை, செல் சுவாசம் ஆகிய மூன்றும் கைவிட்டுப் போகும்.

பாடநூல் சொல்வது இறுதி உண்மை அன்று என்பதையும் இந்தப் பாடம் கற்பிக்கும், கற்பிக்க விட்டால். மனிதச் செல்லில் 48 குரோமோசோம்கள் உள்ளன என்றே 1950களின் நடுப்பகுதிவரை உலகெங்கும் பாடநூல்கள் கூறின. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, சுவீடனின் லுண்ட் நகரில் ஆல்பர்ட் லெவானுடன் பணியாற்றியபோது, தெளிவாகப் பரப்பிய செல்களில் எண்ணிப் பார்த்தார். 46தான் இருந்தன. 1956இல் அது வெளியானது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நுண்ணோக்கியில் பார்த்தவர்களில் பலர், கண்ணில் பட்டதை விட்டுப் புத்தகத்தில் இருந்ததையே எண்ணியிருக்கிறார்கள்.

அதனால்தான் செய்முறை வகுப்பு முக்கியமாகிறது. விலங்குகளை அறுத்துப் பார்க்கும் காலம் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், ஒரு வெங்காயத்தை நீர் நிரம்பிய குவளையின் வாயில் வைத்து, சில நாள்களில் விடும் வேரின் நுனியைக் காலையில் வெட்டி, அமிலத்தில் மென்மையாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் பெருவிரலால் மெல்ல நசுக்கிப் பார்ப்பதற்கு எந்தக் காணொலியும் ஈடாகாது. முதல் மூன்று முயற்சிகளில் ஒன்றும் தெரியாது. நான்காவதில் இழைகள் இரு பக்கமும் பிரியும் ஒரு செல் கண்ணில் படும். வெங்காயத்துக்குக் குரோமோசோம்கள் 16 என்பதை அந்தப் பிள்ளைக்கு இனி யாரும் சொல்லத் தேவையில்லை. பல பள்ளிகளில் இந்த நேரத்தை நுழைவுத் தேர்வுப் பயிற்சி விழுங்கிவிடுகிறது. டிசம்பர் வரை பூட்டிக் கிடந்து, செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரு வாரங்களில் மட்டும் திறக்கும் ஆய்வகங்களை நான் அறிவேன். சேர்க்கையின்போது பெற்றோர் கட்டணத்தைக் கேட்பதுபோல ஆய்வக அட்டவணையையும் கேட்கலாம்.

பேசாமல் கடக்கப்படும் இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்பின் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலமும். "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் சொல்லிவிட, மாணவர் அதை வீட்டில் அல்லாமல் கைப்பேசியில் வேறெங்கோ படிக்கிறார். மாதவிடாய்ச் சுழற்சி, கருத்தடை, பால்வினை நோய்கள் ஆகியவற்றை அறிவியலின் சொற்களில், ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு வாழ்நாளில் அநேகமாக இந்த ஒருமுறைதான். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியும் பிள்ளைகள், ஹீமோகுளோபின் பாடத்தை ஒப்பிக்கிறார்கள். மலம் கறுப்பாவது மாத்திரையால்தான், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதையும், தேநீர் இரும்பை உறிஞ்ச விடாது, எலுமிச்சைச் சாறு உறிஞ்ச உதவும் என்பதையும் பாடத்தோடு சேர்த்துச் சொன்ன வகுப்பில் எறிவது குறைந்ததைக் கண்டிருக்கிறேன்.

மொழிக்கு வருகிறேன். தமிழ்வழி மாணவர் குன்றல் பகுப்பு என்று படிப்பதை ஆங்கிலவழி மாணவர் மியாசிஸ் என்று படிக்கிறார். யாழ்ப்பாணத்து மாணவருக்கு அது ஒடுக்கற்பிரிவு. அங்கே செல்லுக்கே கலம் என்று பெயர். தமிழில் படிப்பதால் புரிதல் குறைவதில்லை. தாய்மொழியில் கேட்ட பிள்ளையே கூடுதலாகக் கேள்வி கேட்கிறது என்பது என் அனுபவம். சிக்கல் பின்னால் வருகிறது. நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றாலும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018இல் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் பிழை இருந்ததாக வழக்கு எழுந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே தமிழ்வழி மாணவர்கள் ஒவ்வொரு கலைச்சொல்லின் அருகிலும் அதன் ஆங்கில இணையை முதல் நாளிலிருந்தே எழுதிவைத்துக்கொள்வது தற்காப்பு.

நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை. எனவே பலருக்கு உயிரியல் என்றாலே நீட்தான். ஆனால், 2024இல் அந்தத் தேர்வை எழுதியவர்கள் நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் மேல், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. அவற்றிலும் பாதி அளவு தனியார் கல்லூரிகளில். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழகத்தில் 2020 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சில நூறு குடும்பங்களின் நிலையை மாற்றியிருக்கிறது என்பது உண்மை. அப்போதும், உயிரியல் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் மருத்துவர் ஆகப்போவதில்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுவது கொடுமை ஆகாது. பதினேழு வயதில் ஒரே ஒரு கதவைக் காட்டி, அது மூடியதும் வாழ்வே முடிந்தது என்று நம்ப வைப்பதுதான் கொடுமை.

வேளாண்மை, தோட்டக்கலை, மீன்வளம், செவிலியர் பணி, மருந்தியல், இயன்முறை மருத்துவம் ஆகிய படிப்புகளுக்கு இதே பாடம் அடிப்படை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைச் சேர்க்கையும், கால்நடை மருத்துவப் படிப்புக்கான மாநில ஒதுக்கீட்டு இடங்களும் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. நீட் பயிற்சிக்காகப் பொதுத்தேர்வை அலட்சியம் செய்பவர்கள் இந்தக் கதவுகளையும் சேர்த்தே மூடிக்கொள்கிறார்கள். 1930களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், பின்னர் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை 1945இல் வெளியிட்டார். உயிரியல் படித்தவர் ஸ்டெதஸ்கோப்பு அணிந்தே தீர வேண்டும் என்று அவர் காலத்தில் எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்கு நான் சொல்வது எளிது. பதினொன்றாம் வகுப்பின் இரண்டு உயிரியல் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளையிடம் கொடுத்து, பிடித்த ஏதேனும் ஓர் அலகைத் தனியே படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்தபின் மதிப்பெண்ணைக் கேட்காமல், என்ன சந்தேகம் வந்தது என்று கேளுங்கள். ஒரு சந்தேகமும் வரவில்லை, தூக்கம்தான் வந்தது என்றால், வணிகவியலோ கணினி அறிவியலோ இருக்கிறது. சேர்ந்த பின்னரும் முதல் சில வாரங்களுக்குள் பிரிவு மாற்றிக்கொள்ளப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. காலாண்டுத் தேர்வு முடிந்து வந்து கேட்டால், பெரும்பாலும் இடம் இருக்காது.