கேட்டவர் நினைவும் இசை வரலாறும்

ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர் இருவர் ஒன்றுகூடினால், பேச்சு எங்குத் தொடங்கினும் இசையில் வந்து நிற்பதுண்டு. மாரியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கேட்ட நாயனம் ஒருவருக்கு நினைவில் இருக்கும். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரிற் கேட்டு வந்த பாட்டுக் கச்சேரி மற்றவருக்கு நினைவில் இருக்கும். "அதைப் போல இனி எங்கே கேட்கப் போகிறோம்?" என்று பெருமூச்சு விடுவர். அருகில் இருக்கும் இளைஞர் இதனைப் பழம்பெருமை என்று எண்ணி எழுந்து போய்விடுவர். ஆனால், தமிழிசை வரலாற்றின் ஒரு பெரும்பகுதி இத்தகைய நினைவுகளைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது என்பது கருதத்தக்கது.

பெயர் நின்றது, பண் மறைந்தது

சங்க நூல்களுள் பரிபாடல் இசையோடு பாடப்பெற்றது. அதன் பாடல்கள் பலவற்றின் இறுதியில் பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயர்கள் நிற்கின்றன. அப்பாடல்கள் பாடப்பட்டபோது எவ்வாறு ஒலித்தன என்பதோ நமக்குத் தெரியாது. கேட்டவருள் ஒருவரேனும் தாம் கேட்டதை விரித்து எழுதிய குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

அப்பரிபாடலை 1918இல் பதிப்பித்து உலகிற்கு அளித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். கேட்டவர் எழுதாமையால் நேரும் இழப்பை அவர் நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும். இளமையில் திருவாவடுதுறையில் தமிழ் பயின்ற காலத்தில், மகா வைத்தியநாதையரின் பாட்டை நேரிற் கேட்கும் பேறு அவருக்கு வாய்த்தது. மகா வைத்தியநாதையர் 1844இல் பிறந்து 1893இல் மறைந்தவர். இந்தியாவில் இசைத்தட்டுக்கான முதற் பதிவு நடந்ததோ 1902இல், கல்கத்தாவில். ஒன்பது ஆண்டு இடைவெளியால் அப்பெருமகனாரின் குரல் தட்டில் ஏறாமற் போயிற்று. இன்று அவரைப் பற்றி அறிய விரும்புவோர் சாமிநாதையர் போன்றோர் எழுதிவைத்தவற்றையே நாட வேண்டியுள்ளது.

கனம் கிருஷ்ணையரின் செய்தி இன்னும் வியப்புடையது. அவரிடம் இசை பயின்றவர் சாமிநாதையரின் தந்தையார். தந்தை வாய்வழிச் சொன்னதை மகன் போற்றி வைத்திருந்து, முதுமையில் நூலாக எழுதினார். ஒரு வீட்டுத் திண்ணைப் பேச்சு இவ்வாறே இசை வரலாற்றுக்குச் சான்றாயிற்று.

தட்டில் அடங்காதது

இசைத்தட்டு வந்தபின் நினைவுக்கு என்ன தேவை என்று சிலர் வினவலாம். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) நாகசுரத்தில் வாசித்த தோடி, தட்டாக வெளிவந்து புகழ் பெற்றது. அவரைக் கோயில் வீதியில் நேரிற் கேட்டவர்களோ, அதே தோடியை அவர் மணிக்கணக்கில் விரித்ததாகக் கூறுவர். தட்டில் இருப்பது தோடியின் சுருக்கம். அது விரிந்த வகையைக் கேட்டவரே சொல்லுதல் கூடும்.

கச்சேரி என்பது பாடுவோரும் கேட்போரும் கூடி ஆக்குவது. முன்வரிசையில் ஒருவர் தலையசைத்ததும், தவில் முழங்கி ஓய்ந்ததும் கூட்டம் ஆரவாரித்ததும், மழைத் தூறலிலும் எவரும் எழாதிருந்ததும் அக்கச்சேரியின் பகுதிகளே. பிற்காலத்தில் முழுக் கச்சேரிகளையும் பதிவு செய்யும் வசதி வந்தது. எனினும், கேட்டவர் உள்ளத்தில் அது என்ன செய்தது என்பதைக் கருவி பதிவு செய்வதில்லை.

நினைவு பிழைபடாதா?

பிழைபடும். கேம்பிரிட்ஜ் உளநூல் அறிஞர் பார்ட்லெட், 1932இல் வெளியிட்ட நூலில், மனிதர் ஒன்றை நினைவுகூரும்போது அதனைத் தம் பழக்கத்திற்கேற்ப மீண்டும் கட்டுகின்றனர் என்று காட்டினார். ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயது வரை நிகழ்ந்தவையே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பதும் பின்வந்த ஆய்வுகளின் முடிவு. எனவே, "அக்காலத்து இசையே இசை" என்பவர் கூற்றில் அவருடைய இளமையும் கலந்திருக்கும். இரண்டு மணிநேரக் கச்சேரி சொல்லச் சொல்ல ஐந்து மணிநேரமாக நீளுதலும் உண்டு.

ஆகவே நினைவை ஏனைய சான்றுகளோடு ஒப்பிடுதல் வேண்டும். 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் கல்கி எழுதிய இசை விமரிசனங்கள் போன்றவை இவ்வகையில் உதவும். நாளும் நேரமும் பற்றிய கூற்றை ஐயத்தோடு ஏற்கலாம். கேட்டவர் நெஞ்சம் உருகியதை ஐயுற வேண்டுவதில்லை.

ஆசிரியர் செய்யத்தக்கது

தமிழகத்துக் கச்சேரிகளைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் இருந்தன. தோட்டத்துக் கோயிலில் ஒலித்த நாயனத்தைப் பற்றி எழுத முன்வந்தோர் மிகச் சிலர். பால்மரங்கள் நின்ற இடங்களில் எண்ணெய்ப்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. லயத்து மக்கள் பலர் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். திருவிழாக் கண்ட திடல்களுள் பல இன்று இல்லை. கேட்டவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

இவ்விடத்தே தமிழாசிரியர் ஒரு நற்பணி செய்யலாம். கட்டுரைப் பாடத்தில் "தாத்தா பாட்டி கேட்ட இசை" என்று ஒரு தலைப்பைத் தரலாம். "யாருடைய கச்சேரி நன்றாக இருந்தது?" என்று மாணவர் கேட்டால், "எல்லாம் நன்றாகத்தான் இருந்தது" என்ற விடையே வரும். "எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள்? யாரோடு போனீர்கள்? நாயனம் யார், தவில் யார்? மறுநாள் விடியலில் பால் வெட்டப் போனீர்களா?" என்று கேட்டால் நினைவு தானே திறக்கும். ஆண்டு தெரியாதெனில், ஜப்பான்காரன் காலத்துக்கு (1942–1945) முன்னா பின்னா, அவசரகால ஊரடங்கு (1948–1960) இருந்ததா, 1957இல் சுதந்திரம் வந்துவிட்டதா என்று கேட்டுக் கணிக்கலாம். ஒரே திருவிழாவைப் பற்றி இருவரைத் தனித்தனியே கேட்டு எழுதுதல் நன்று. இருவர் சொல்லும் வேறுபட்டால், இரண்டையும் அவ்வாறே எழுதிவைத்தல் வேண்டும். சொன்னவர் வயதையும், கேட்டெழுதிய நாளையும் குறிக்க மறத்தல் கூடாது.

சாமிநாதையர் தம் தந்தை சொல்லக் கேட்டு எழுதியது போலவே, தோட்டத்துப் பிள்ளையும் தன் பாட்டி சொல்லக் கேட்டு எழுதலாம். அதற்கு வேண்டுவன ஒரு பயிற்சிப் புத்தகமும் பாட்டியின் அருகில் ஒரு மாலைப்பொழுதுமே. பாட்டி இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.