ஞானப்பல் புதைந்த தாடை ஏன் தவறிப் பிளக்கிறது?

கோணிய கீழ்த்தாடையை நகர்த்துவதற்கு, 1957இல் அறுவை மருத்துவர்கள் ட்ரௌனரும் ஒப்வெகேசரும் விவரித்த முறைப்படி, கடைவாய்ப்பல்லுக்குப் பின்னுள்ள எலும்பு உள், வெளி என இரு தகடுகளாக நெடுக்கில் பிளக்கப்படுகிறது. முளைக்காமல் புதைந்த ஞானப்பல் அப்பிளவுத் தடத்திலேயே கிடப்பதால், அதைச் சுற்றிய எலும்பு மெலிந்து, உளியின் விசை கோடு தவறி, வேண்டாத இடத்தில், பெரும்பாலும் பல்லுக்குப் பின்புறம் உட்தகட்டில், முறிவு நேரலாம்; நேர்ந்தால் டைட்டானியத் தகடும் திருகாணியும் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே பல்லை ஆறு மாதமாவது முன்னரே பிடுங்கி, குழியில் எலும்பு நிரம்பக் காத்திருப்பது பழைய வழக்கம். தாடையைப் பிளக்கும்போதே எடுப்போரும் உளர், ஆய்வு முடிவுகளும் ஒன்றுபடவில்லை. இலங்கையின் யட்டவத்தவிலிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குச் செல்பவருக்கோ, இந்தக் கருத்து வேறுபாடு ஓர் அறுவையா இரண்டா என்பதாகவே முடிகிறது.