வானில் நான்கு மணி, மலையில் நான்கு மணி



துபாய்க்கும் கொடைக்கானலுக்கும் எவ்வளவு தொலைவு? வளைகுடாவில் பிள்ளைகள் பணிபுரியும் இல்லங்களில் கேட்டுப் பாருங்கள். “விமானம் ஏறினால் நான்கு மணி நேரம்” என்பார்கள். அக்கணக்கு வீட்டு வாசல் வரை வருவதில்லை.

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் விமான நிலையம் இல்லை. மதுரைக்குத்தான் வர வேண்டும். மதுரை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வழியாக வளைந்து செல்லும் சாலையிலோ சுமார் 120 கிலோமீட்டர். பேருந்தில் ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். மதுரையிலிருந்து துபாய்க்கு வான்வழியாகச் சுமார் 2,950 கிலோமீட்டர். இடைநில்லாமல் பறந்தால் அதற்கும் ஏறத்தாழ 4 மணி நேரமே!

வான்வழித் தொலைவு என்பது பூமிப் பரப்பின் மேல் இரு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியாகும். பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இது விளங்கும். இக்கணக்கு விமானத்திற்கு மிகவும் முற்பட்டது. 11ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் அளந்து பூமியின் அளவைக் கணித்தார். கஸ்னா நகரின் கிப்லாத் திசையை அறிவதற்காக, ஊர்களின் இருப்பிடங்களையும் இடைத்தொலைவுகளையும் ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார்.

பயணச்சீட்டைப் படிப்பதிலும் கவனம் தேவை. அதில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. நண்பகல் 12 மணிக்கு மதுரையில் புறப்படும் விமானம் அங்கு 2.30 மணிக்கே சேர்ந்ததாகத் தோன்றும். அங்கிருந்து 12 மணிக்குப் புறப்பட்டால் இங்கு மாலை 5.30 ஆகிவிடும்.

இனி முழுக்கணக்கைப் பாருங்கள். புறப்படுமுன் விமான நிலையத்தில் 3 மணி நேரம், வானில் 4, இறங்கிச் சோதனைகள் முடித்து வெளியேற 1, மலையேற 4. ஆக 12 மணி நேரம். விடுப்பும் இருக்கையும் கிடைப்பதற்கான நேரம் இதில் சேராது.

தந்தை மவுத்தான செய்தி கேட்டுத் துடிக்கும் மகனை, “நான்கு மணி நேரப் பயணம்தானே, ஏன் இன்னும் வரவில்லை?” என்று குறை கூறுவது எவ்வளவு கொடுமை! ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்யவே மார்க்கம் வலியுறுத்துகிறது. ஆகவே, எந்த விமானம், இங்கு எத்தனை மணிக்கு இறங்கும், மலைக்கு எப்போது வந்து சேரும் என்பதை முதலில் கேட்டறிந்து முடிவெடுங்கள். வர இயலாத மகனுக்கு ஆறுதல் சொல்லுங்கள். அவன் அங்கிருந்தே கேட்கும் துஆவுக்குத் தொலைவு ஒரு தடையில்லை.