பேரேட்டில் ஏறாத மறுதொற்று

2020 ஜூலையில் வடசென்னையின் தண்டையார்பேட்டை மண்டலத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 44.2 சதவீதம் பேரிடம் கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. பக்கத்து ராயபுரத்தில் 34.4. கொஞ்சம் தள்ளி மாதவரத்தில் வெறும் 7.1. சென்னை மாநகராட்சியும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. நகரம் முழுக்க 12,405 பேரைச் சோதித்ததில் 2,673 பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது, அதாவது 21.5 சதவீதம்.

இந்த எண்ணை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். விரிவாக்கப்பட்ட மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 67 லட்சம். அதில் 21.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 14 லட்சம். அந்த ஜூலை கடைசியில் சென்னையில் பதிவாகியிருந்த மொத்தத் தொற்று சுமார் ஒரு லட்சம். வந்துபோனவர்களில் 14 பேருக்கு ஒருவர்தான் பேரேட்டில் ஏறியிருக்கிறார். மீதி 13 பேரில் சிலர் காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்து, கபசுரக் குடிநீர் குடித்து எழுந்தவர்கள். பலர் படுக்கக்கூட இல்லை. வடசென்னையில் பதிவாகாதவர்களின் பங்கு இதைவிடக் கூடவா குறைவா என்று இந்தக் கணக்கு சொல்லாது. ஆனால் தொற்று உறுதியானால் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் சோதனைக்கே போகாமல் இருந்தவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு.

மறுதொற்றுக்கும் இந்த 14க்கு 1-க்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இரண்டாவது முறை வந்தது என்று எழுத வேண்டுமானால், முதல் முறை வந்தது எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத அந்த 13 பேரில் ஒருவருக்கு மறுபடி வந்தால், அரசாங்கத்தைப் பொறுத்தவரை அது அவருடைய முதல் தொற்று.

எழுதப்பட்டவர்களுக்கும் வாசல் குறுகல்தான். ஐ.சி.எம்.ஆர் வைத்த வரையறை இது: இரண்டு பாசிட்டிவ் முடிவுகள், அவற்றுக்கிடையே குறைந்தது 102 நாள் இடைவெளி, நடுவில் ஒரு நெகட்டிவ். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. குணமானவர் உடம்பில் செத்த வைரஸின் துண்டு துணுக்குகள் வாரக்கணக்கில் கிடக்கும், ஆர்.டி.பி.சி.ஆர் சோதனை அதையும் பிடித்துவிடும். 2020 மே மாதம் தென்கொரியா, குணமான பிறகு மறுபடி பாசிட்டிவ் வந்த 285 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 108 பேரின் மாதிரிகளில் வைரஸை வளர்க்கப் பார்த்தார்கள். ஒன்றில்கூட வளரவில்லை. ஆக, பாசிட்டிவ் வந்ததெல்லாம் மறுதொற்று ஆகாது. 102 நாள் என்பது நியாயமான எல்லைதான்.

ஆனால் அந்த நியாயத்தைக் காட்ட மூன்று சோதனை முடிவுகள் கையில் வேண்டும். 2020 ஜூனில் தமிழக அரசு தனியார் ஆய்வகத்துக்கு நிர்ணயித்த கட்டணம் 3,000 ரூபாய். வீட்டுக்கு வந்து மாதிரி எடுத்தால் 500 கூடுதல். அந்தக் கட்டணத்தில் மூன்று தடவைக்கு 9,000. அரசு மையங்களில் அப்போது இலவசம்தான். என்றாலும், உடம்பு தேறிய பிறகு நெகட்டிவ் சீட்டு வாங்குவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும் மூட்டைத் தொழிலாளியை எனக்குக் கற்பனை செய்ய முடியவில்லை. நாடு முழுக்கவே ஐ.சி.எம்.ஆர் 2020 அக்டோபர் வரை அலசிய மறுதொற்றுச் சந்தேகப் பட்டியலில் இருந்தவர்கள் 1,300 பேர். வரையறைக்குள் வந்தவர்கள் 58 பேர், 4.5 சதவீதம். இந்த 4.5ஐ "நூறு பேரில் நாலரைப் பேருக்கு மறுபடி வரும்" என்று அப்போது பலர் படித்தார்கள். அது சந்தேகப் பட்டியலின் சதவீதம். ஊர் சதவீதம் அல்ல.

உலகில் முதன்முதலாக மரபணு ஒப்பீட்டோடு மறுதொற்று உறுதியானது ஹாங்காங்கில், 2020 ஆகஸ்டில். 33 வயது ஆண், 142 நாள் இடைவெளி. கிரேட்டர் நொய்டாவில் மருத்துவமனை ஊழியர்கள் இருவருக்கு 108, 111 நாள்களில் மறுபடி வந்தது. தொடர்ந்து சோதனை செய்துகொள்ளும் ஊழியர்கள் என்பதால் அவர்களுக்கு அறிகுறி இல்லாமலே தெரிந்தது. தொடர்ந்து சோதிக்கும் இடத்தில்தான் மறுதொற்று கண்ணில் படும். காசிமேட்டு மீன் ஏலக்கூடத்திலோ எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் டிரெய்லர் வரிசையிலோ யாரும் வாரம் ஒருமுறை மூக்கில் குச்சி விட்டதில்லை.

இரண்டாவது அலைக்கு வருவோம். முதல் அலையில் சென்னையின் ஒரு நாள் உச்சம் 2,393 (2020 ஜூன் 30). இரண்டாவதில் 7,564 (2021 மே 12), மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் 2020 மே மாதம் முழுக்கத் தலைப்புச் செய்தியாக இருந்த ராயபுரம் இந்த முறை முன்வரிசையில் இல்லை. அண்ணா நகர், கோடம்பாக்கம், தேனாம்பேட்டைதான் முன்னால் நின்றன. முதல் அலையில் வாங்கிய அடி கவசமாயிற்று என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். அதில் உண்மை இருக்க இடமுண்டு. பிரிட்டனில் மருத்துவ ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, முதல் தொற்று அடுத்த ஏழு மாதத்துக்கு 84 சதவீதம் பாதுகாப்புத் தந்தது என்றது. டென்மார்க்கின் கணக்கு 80.5; ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 47.1தான். தாத்தா பாட்டியோடு ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடுகளில் இந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும். இன்னொரு விளக்கமும் உண்டு: சோதனைக்குத் தானாகப் போகிறவர்கள் எங்கே அதிகமோ, அங்கே எண்ணிக்கையும் அதிகம். இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க மண்டலவாரியான மறுதொற்றுக் கணக்கு வேண்டும். பேரேட்டில் இல்லாததும் அதுதான்.

2021 ஜூன், ஜூலையில் மாநில அரசு எடுத்த ஆய்வில் சென்னையில் 82 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. 2022 ஜனவரி வாக்கில் மாநில அளவில் அது 87. அப்படியிருந்தும் அதே ஜனவரியில் சென்னையின் தினசரித் தொற்று 9,000ஐ நெருங்கியது. ஒமிக்ரான் செய்த வேலை அது. கத்தார் ஆய்வின்படி, முந்தைய தொற்று டெல்டாவிடமிருந்து 92 சதவீதம் காத்தது. ஒமிக்ரானிடமிருந்து 56 மட்டுமே. ஆனால் ஒமிக்ரான் முற்றிப்போய் ஆபத்தாவதை 87.8 சதவீதம் தடுத்தது. மறுபடி வரும், பெரும்பாலும் ஆளைச் சாய்க்காது என்பதுதான் இதன் பொருள்.

ஆளைச் சாய்க்காத தொற்று கூலியைச் சாய்க்காமல் விடாது. நாள் கூலி 700 ரூபாய் என்று நானே ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறேன். 2020 ஜூனில் ஒருவருக்கு முதல் தொற்று: தனிமை முகாமில் 10 நாள், வீட்டில் 7 நாள், ஆக 17 நாள், 11,900 ரூபாய். ஆனால் ஜூன் 19 முதல் சென்னையில் முழு ஊரடங்கு. பலருக்கு எப்படியும் வேலை இல்லை. நட்டம் ஊருக்கே பொது. அரிசி அட்டைக்கு அரசு நிவாரணமாக ஏப்ரலில் 1,000, ஜூனில் 1,000 ரூபாய் கிடைத்தது. 2021இல் 4,000, இரண்டு தவணையாக. 2022 ஜனவரியில் அதே ஆளுக்கு இரண்டாவது தொற்று: தனிமை 7 நாள்தான், 4,900 ரூபாய். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு தவிர மற்ற நாள்களில் ஆலை ஓடியது, கன்டெய்னர் இறங்கியது. வராதவர் வேலையை அடுத்தவர் பார்த்தார். நட்டம் அவருடையது மட்டும். அந்தப் பொங்கலுக்கு அரசிடமிருந்து 21 பொருள் கொண்ட பை கிடைத்தது, ரொக்கம் இல்லை.

இதே ஆள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) அட்டை உள்ள ஆலைத் தொழிலாளியாக இருந்திருந்தால், முதல் இரண்டு நாள் காத்திருப்புப் போக 5 நாளுக்கு 70 சதவீதம், அதாவது 2,450 ரூபாய் கைக்கு வந்திருக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை இந்தச் சலுகை உண்டு. எத்தனையாவது தொற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். மணலியிலும் திருவொற்றியூரிலும் ஒரே வாசலில் நுழையும் நிரந்தரத் தொழிலாளிக்கும் அட்டை இல்லாத ஒப்பந்தக் கூலிக்கும் நடுவே மறுதொற்று போட்ட வித்தியாசம் இந்த 2,450.

வடசென்னையில் எத்தனை பேருக்கு இரண்டாம் முறை வந்தது என்ற எண் இனி கிடைக்கப்போவதில்லை. அதற்கான சீட்டுகள் 2020இலேயே எழுதப்படவில்லை. யாராவது ஒரு சதவீதத்தைச் சொல்லி இதுதான் மறுதொற்று விகிதம் என்றால், முதல் தொற்றை எந்தச் சோதனையில் பதிந்தார்கள் என்று கேளுங்கள்.