மெஷினை மாற்றுவதா, புஷ் போடுவதா?

பெண்டுலக் கடிகாரம் நின்றுவிட்டால் உடனே தேய்மானம் என்று முடிவு கட்டக் கூடாது. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தாலும் நிற்கும். சுவரில் கோணலாக மாட்டியிருந்தாலும் நிற்கும். கடிகாரத்தின் உள்ளே இருக்கும் மெஷினை வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

மெஷினின் முன்னும் பின்னும் இரண்டு பித்தளைத் தகடுகள். அவற்றிலுள்ள துளைகளில்தான் சக்கர அச்சுகளின் முனைகள் சுழல்கின்றன. ஸ்பிரிங் பெட்டிக்கு அடுத்த சக்கரத்தை முதலில் பாருங்கள். அதன்மேல்தான் பாரம் அதிகம். தேய்மானம் இருந்தால், துளையைச் சுற்றி எண்ணெய் கறுத்திருக்கும். சக்கரத்தை விரலால் இலேசாக முன்னும் பின்னும் அசைத்தால் அச்சு பக்கவாட்டில் நகரும். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவாகிவிட்டது என்று பொருள். சக்கரங்கள் விலகி, பற்கள் நுனியில் மட்டும் கவ்வுவதால் உராய்வு கூடுகிறது; பெண்டுலம் வரை விசை வந்துசேர்வதில்லை.

இதற்குத்தான் புஷ். துளையை அகலமாக்கி, சின்னப் பித்தளைக் குழலை இறுக்கிப் பொருத்துவது. துளை ஒரு பக்கமாகவே தேய்ந்திருக்கும். அப்படியே பெரிதாக்கினால் மையம் தப்பிவிடும். அதனால் தேயாத பக்கத்தை அரத்தால் ராவி, பழைய மையத்துக்குக் கொண்டுவந்த பிறகே, துளையை அகலமாக்கும் ரீமர் போட வேண்டும். கைத்திறன் தெரிவது இந்த ஓரிடத்தில்தான். 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரம் என்றால் எத்தனை புஷ் ஆனாலும் போட்டே ஆக வேண்டும் என்பேன். அதன் மெஷினை எடுத்துவிட்டு பேட்டரி மெஷினைப் பொருத்துவது பெரும் பாவம்.

ஜெர்மனியின் ஹெர்ம்லே மெஷின்கள் பலவற்றின் கதை வேறு. 1970களின் பிற்பகுதியிலிருந்து சுமார் பத்தாண்டுகள், அவற்றின் அச்சு முனைகளுக்கு முலாம் பூசினார்கள். முலாம் உரிந்ததும் அதன் துகளே உப்புத்தாள்போல அச்சையும் துளையையும் அரித்துவிடும். புஷ் மட்டும் போட்டுப் பயனில்லை. முனைகளையும் லேத்தில் கடைந்து புதிதாக்க வேண்டும். கூலியே புது மெஷின் விலையைத் தாண்டிவிடலாம். அதே மாடல் கிடைத்தால் தயங்காமல் மாற்றிவிடலாம்.

புது மெஷின் வாங்கும்போது, பழையதன் பின்தகட்டில் பொறித்திருப்பதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஹெர்ம்லேயின் 451-050 என்ற ஒரே மாடல் 94 செ.மீ., 114 செ.மீ. என வெவ்வேறு பெண்டுல நீளத்துக்கு வருகிறது. முன்னதில் நிமிடத்துக்கு 66 துடிப்பு, பின்னதில் 60. 94க்கான பெண்டுலத்தை 114 மெஷினில் மாட்டினால் கடிகாரம் மணிக்கு 6 நிமிடம் முந்தும். பெண்டுலத்தின் அடித் திருகை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. கழற்றிய மெஷினை எறிந்துவிடாதீர்கள். அதன் சுத்தியல்களும் சக்கரங்களும் இன்னொரு கடிகாரத்துக்கு உதவும்.